பாக்கெட் ரேடாரும் ஒரு ஸ்டாப்வாட்சும்: கல்லூரி பேஸ்பால் வீரரை எடைபோட இவை போதுமா?

பந்தின் வேகத்தை ரேடாரால் அளக்கும், பாக்கெட் ரேடார் நிறுவனத்தின் ஸ்மார்ட் கோச் கருவி ஏறத்தாழ 400 டாலர். பழைய செல்போன் அளவுதான் இருக்கும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பார்க்கப் போகிறவர்கள், மகனோ மருமகனோ ஆடுகிறான் என்று, அடிப்பவருக்குப் பின்னாலுள்ள பின்வலை ஓரம் உட்காருகிறவர்கள் பலர் கையில் இப்போது இது தென்படுகிறது. தொழில்முறை ஸ்கவுட்டுகள், அதாவது அணிகளுக்காகத் திறமையாளர்களைத் தேடுபவர்கள், பிடித்திருப்பது பெரும்பாலும் ஸ்டாக்கர் என்ற ரேடார் துப்பாக்கி. அதன் மேல்வரிசை மாடல்கள் ஆயிரம் டாலரைத் தாண்டும். கல்லூரியில் ஆடும் ஒருவர் தொழில்முறையின் உச்சமான மேஜர் லீக் வரை போகக்கூடியவரா என்று கணிக்க ஸ்மார்ட் கோச் எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்பீடு. பிட்சரை (பந்தெறிபவரை) எடைபோட நன்றாகவே உதவும், எங்கே உட்காருவது என்று தெரிந்திருந்தால். அடிப்பவரை எடைபோடப் பத்து டாலர் ஸ்டாப்வாட்சும் பென்சிலும் இதைவிட அதிகம் சொல்லும்.

முதலில் அளவுகோல். ஸ்கவுட்டுகள் எல்லாத் திறனையும் 20 முதல் 80 வரை மதிப்பிடுகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு பத்தும் ஒரு திட்டவிலக்கம். அதனால் 60 பெற்றவர் நல்லவர், 70 பெற்றவர் அரிதானவர், 80 மிகச் சிலருக்கே. இதில் பலர் தவறுவது ஓர் இடத்தில்: ஒப்பீடு சக கல்லூரி வீரர்களோடு இல்லை, மேஜர் லீக்கில் ஆடுகிறவர்களோடு. தன் கல்லூரி அணியிலேயே மிக வேகமாக எறிபவர் 45-ஆக இருக்கலாம். பழைய புத்தகத்தில் உள்ள வேக அட்டவணையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2008-ல் மேஜர் லீக்கின் சராசரி ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் (நேராக வரும் வேகப்பந்து) மணிக்கு 92 மைலை ஒட்டி இருந்தது. இன்று 94-ஐ ஒட்டி. அன்று 50 பெற்ற வேகத்துக்கு இன்று 50-க்குக் கீழேதான் கிடைக்கும்.

இனி கருவி. ஸ்மார்ட் கோச் 25 முதல் 130 மைல் வரை அளக்கும், ஒரு மைல் முன்பின் துல்லியம். இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரி. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் ஒவ்வொரு பந்துக்கும் பொத்தானை அழுத்தத் தேவையில்லை, தானே அளந்துகொண்டிருக்கும். போனுடன் இணைத்தால் வீடியோவின் மேலேயே வேகம் பதிவாகிறது. இந்த வசதி மிக நல்லது: எறிந்த கையின் கோணத்தையும் வேகத்தையும் ஒரே துண்டுக் காட்சியில் திரும்பப் பார்க்கலாம்.

குறை தூரத்தில் இருக்கிறது. பேஸ்பால் பந்தை இது 120 அடி வரைதான் பிடிக்கும். பிட்சரின் மேட்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு (அடிப்பவர் நிற்கும் இடத்துக்கு) 60 அடி 6 அங்குலம். காலை நீட்டி எறிவதால் பந்து கையை விடுவது பிளேட்டிலிருந்து சுமார் 54 அடியில். பிளேட்டுக்கும் பின்வலைக்கும் இடையே 60 அடி விட்டிருக்கும் மைதானத்தில் வலையை ஒட்டி நின்றாலே 114 அடி ஆகிவிட்டது. நான்கைந்து வரிசை மேலே ஏறினால் பந்து கையை விட்ட கணத்தைக் கருவி தவறவிடும். பந்து கொஞ்ச தூரம் வந்து வேகம் இழந்த பிறகே பிடிக்கும், அல்லது எதுவும் காட்டாது. எண் வருகிறதே என்று நம்பிவிடுகிறார்கள், அங்கேதான் தவறு. ஆகவே ஸ்மார்ட் கோச் வைத்திருப்பவர் முதல் வரிசையைப் பிடித்தாக வேண்டும். ஸ்டாக்கருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மேல்வரிசையில் உட்கார்ந்தும் அளக்கலாம்.

அடுத்தது கோணம். ரேடார் தன்னை நோக்கி நேராக வரும் வேகத்தை மட்டுமே அளக்கிறது. பக்கவாட்டில் விலகினால் எண் குறையும், ஒருபோதும் அதிகமாகாது. 95 மைல் பந்து 10 டிகிரி விலகலில் 93.6 ஆகத் தெரியும். 20 டிகிரியில் 89.3. பிட்சரிலிருந்து 100 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் நேர்க்கோட்டிலிருந்து 17, 18 அடி நகர்ந்தாலே 10 டிகிரி வந்துவிடும். அதாவது பத்து நாற்காலி போல. மூன்றாம் பேஸ் பக்கம் நிழல் இருக்கிறது என்று போய் உட்கார்ந்தவர் நல்ல பிட்சர் ஒருவரைத் தேறாதவர் என்று எழுதிவிடக்கூடும். வழி எளிது: கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), பிட்சர், இரண்டாம் பேஸ் மூன்றும் ஒரே கோட்டில் தெரியும் இருக்கையைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் அன்று வேகத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம், முதல் இன்னிங்ஸுக்கும் ஆறாம் இன்னிங்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம். இடம் மாறாமல் இருந்தால் அந்த வித்தியாசம் ஏறத்தாழ சரியாகவே இருக்கும்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. மட்டையின் வீச்சைப் பந்தென்று எண்ணி 65, 70 என்று காட்டும். அடிபட்டு வெளியேறும் பந்தைப் பிடித்து 101 என்று காட்டும். அதைப் பிட்சர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கயிற்று வலை பரவாயில்லை, இரும்புக் கம்பி வலை முன்னால் இருந்தால் கருவியின் முகத்தைக் கண்ணிக்கு நடுவில் வைத்துப் பிடிக்க வேண்டும். ஃபாஸ்ட்பாலா ஸ்லைடரா (பக்கவாட்டில் விலகும் பந்தா) என்று கருவி சொல்லாது, அதைக் கண்ணால் பார்த்து நீங்கள்தான் எழுத வேண்டும்.

ரேடார் துப்பாக்கி பேஸ்பாலுக்கு வந்ததே ஒரு கல்லூரி வழியாகத்தான். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர் 1970-களின் நடுவில் போலீஸ் வைத்திருந்த ரேடாரைப் பார்த்து, பந்தையும் அளக்கலாமே என்று முயன்றார். அதிலிருந்து ஜக்ஸ் துப்பாக்கி பிறந்தது. ஜக்ஸ் பந்து கையை விடும் இடத்தில் அளந்தது; போட்டிக்கு வந்த ரே-கன் பிளேட்டுக்கு அருகில் அளந்தது. அதனால் ஒருவர் ‘வேகத் துப்பாக்கி’ எண்ணைச் சொல்வார், இன்னொருவர் ‘மெதுத் துப்பாக்கி’ எண்ணைச் சொல்வார், ஒரே பந்துக்கு. கையை விட்டுப் பிளேட்டுக்கு வருவதற்குள் பந்து தன் வேகத்தில் 8 முதல் 10 சதவீதம் இழக்கிறது: 95-ல் கிளம்பியது 87-ஐ ஒட்டி வந்து சேரும். இன்று பேசப்படும் எண்கள் எல்லாம் கையை விட்ட வேகமே. பழைய வீரரின் எண்ணோடு ஒப்பிடும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது? ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு வரி: ஃபாஸ்ட்பால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, அதிகபட்சம் எவ்வளவு, ஃபாஸ்ட்பாலுக்கு அடுத்து நம்பும் இரண்டாம் பந்து வகை எது, அதற்கு எத்தனை பேர் வீசித் தவறினார்கள். "98 தொட்டான்" என்பது ஸ்கவுட்டுக்குப் பெரிய சேதி இல்லை. "ஆறாம் இன்னிங்ஸில் 93-95-ல் நின்றான்" என்பதே சேதி. முதல் இன்னிங்ஸில் 95, ஐந்தில் 91 என்றால் அவர் தொழில்முறையில் ரிலீவராகவே (ஆட்டத்தின் நடுவில் வந்து சிறிது நேரம் எறிபவராகவே) முடியலாம். பால்-ஸ்டிரைக் (தவறிய பந்து, சரியான பந்து) எண்ணிக்கை 2-0, 3-1 என்று பிட்சருக்குப் பாதகமாக இருக்கும்போது என்ன எறிகிறார் என்று தனியாகக் குறியுங்கள். அங்கே சேஞ்சப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்தை) ஸ்டிரைக்காக எறியத் துணிபவரிடம் மூன்றாவது பந்து வகை இருக்கிறது. எப்போதும் ஃபாஸ்ட்பாலுக்கே ஓடுபவரிடம் இல்லை, பயிற்சியில் எவ்வளவு அழகாக எறிந்தாலும்.

பார்க்கும் நாளும் முக்கியம். கல்லூரி ஆட்டங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு தொடராக நடக்கும். அணியின் முதல் பிட்சர் வெள்ளி இரவு எறிவார். செவ்வாய், புதன் ஆட்டங்களில் நான்காம் ஐந்தாம் பிட்சர்கள். ஆகவே அடிப்பவரை எடைபோடச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள். அன்று மூன்று ஹிட் அடித்தது பெரிதாக எதையும் நிரூபிக்காது. பிட்சர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு: கல்லூரியில் வாரம் ஒரு முறை எறிபவர், தொழில்முறையில் ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை எறிய வேண்டும். வார ஓய்வோடு கிடைத்த வேகம் அப்படியே தொடரும் என்று எழுத முடியாது. பருவம் பிப்ரவரி நடுவில் குளிரில் தொடங்கி ஜூனில் ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடரோடு முடிகிறது. பிப்ரவரியில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை அளந்தால் கை நிற்கிறதா என்று தெரியும்.

வேகம் இன்னும் கூடுமா என்பதைக் கருவி சொல்லாது, சூழல் சொல்லும். பால் ஸ்கீன்ஸ் ஏர் ஃபோர்ஸ் அகாடமியில் இரண்டு ஆண்டு பிட்சராகவும் கேட்சராகவும் ஆடினார், நன்றாக அடிக்கவும் செய்தார். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறி, எறிவதில் மட்டும் மனம் வைத்த 2023 பருவத்தில் 100 மைலைத் தாண்டினார். 209 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது) எடுத்து 1989-ல் பென் மெக்டொனால்ட் வைத்திருந்த 202 என்ற எஸ்இசி (தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் போட்டிக் கூட்டமைப்பு) சாதனையை முறியடித்தார். அந்த ஆண்டு டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் தேர்வு, 92 லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகை. 2024 மே மாதம் மேஜர் லீக்கில் இறங்கி அந்த ஆண்டின் நேஷனல் லீக் சிறந்த புதுமுகமானார். இரண்டு வேலை பார்க்கும் உயரமான இளைஞர் ஒருவர் ஏற்கெனவே 95 எறிகிறார் என்றால், அந்த 95-ஐ முடிந்த கணக்காக எழுதாதீர்கள். அதோடு ஏர் ஃபோர்ஸ் மைதானம் கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே. மெல்லிய காற்றில் வளைபந்து குறைவாக வளையும், அடித்த பந்து அதிக தூரம் போகும். மலைமேல் ஆடும் பிட்சரின் ரன் சராசரியையும், அங்கே அடிப்பவரின் ஹோம் ரன் கணக்கையும் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

ஜேக்கப் டிகிராம் கதை இன்னொரு பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர். மூன்றாம் ஆண்டில்தான் பிட்சராக எறியத் தொடங்கினார். 2010-ல் மெட்ஸ் அணி ஒன்பதாம் சுற்றில் எடுத்தது; பின்னர் 2018, 2019 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஆட்டத்துக்கு முன் இன்ஃபீல்டர்கள் (பேஸ்களை ஒட்டி நிற்கும் தடுப்பாளர்கள்) பயிற்சியாக முதல் பேஸுக்கு எறியும்போது ரேடாரைப் பையில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அவர்களின் கையையும் பாருங்கள்.

இப்போது ஸ்டாப்வாட்ச். இங்கே செலவு குறைவு, பயன் அதிகம். மூன்று அளவு போதும்.

ஒன்று, ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ். மட்டையில் பந்து படும் கணத்தில் அழுத்தி, கால் பேஸைத் தொடும் கணத்தில் நிறுத்துங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு 4.3 நொடி சராசரி, அதாவது 50. பத்தில் ஒரு நொடி குறைந்தால் பத்து மதிப்பெண் கூடும், 4.0 என்றால் 80. இடக்கை ஆட்டக்காரர் ஓரடி முன்னால் நிற்பதால் அவருக்கு இந்த வரம்புகள் எல்லாவற்றிலும் 0.1 குறைத்துக்கொள்ளுங்கள். பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு முன்பே ஓடத் தொடங்கும் பண்ட் ஓட்டத்தையும், நிச்சயம் அவுட் என்று தளர்ந்து ஓடியதையும் சேர்க்கக் கூடாது.

இரண்டு, கேட்சரின் பாப் டைம். பந்து கேட்சரின் கையுறையில் விழுவதிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறையில் விழுவது வரை. 2.0 நொடி சராசரி, 1.9 மிக நல்லது. இன்னிங்ஸ் இடைவேளையில் எறிவதை அளந்து சந்தோஷப்பட வேண்டாம். ஓடுபவர் இல்லாதபோது எல்லாருமே 1.9 எறிவார்கள்.

மூன்று, பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து கேட்சர் கையில் பந்து சேரும் நேரம். முதல் பேஸில் ஆள் இருக்கும்போது அளக்க வேண்டும். 1.3 சரி, 1.5 என்றால் சிக்கல். 1.3-ஐயும் 2.0-ஐயும் கூட்டினால் 3.3, நல்ல ஓட்டக்காரர் இரண்டாம் பேஸைத் திருட எடுக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. பேஸ் திருட்டில் கேட்சரைக் குறை சொல்லும் பல நேரங்களில் தப்பு பிட்சரின் 1.5-ல் இருப்பது இந்தக் கூட்டலில் தெரிந்துவிடும்.

கைவிரலின் தாமதம் எல்லார்க்கும் உண்டு. ஒரு தடவை அளந்ததை எழுதாமல், குறைந்தது மூன்று அளந்து நடுவில் உள்ளதை எடுங்கள்.

அடிப்பவர் விஷயத்தில் ஸ்மார்ட் கோச் தடுமாறுகிறது. கூண்டுக்குள் ஸ்டாண்டில் பந்தை வைத்து அடிக்கும்போது வெளியேறும் வேகத்தைச் சரியாகவே காட்டும். ஆட்டத்தில் பந்து எந்தத் திசையிலும் போகும், மேலே சொன்ன கோணப் பிழை அப்படியே வந்து எண்ணைக் கெடுத்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் மட்டை. கல்லூரி ஆட்டம் 1974 முதல் உலோக மட்டையை அனுமதிக்கிறது, தொழில்முறையில் மரம் மட்டுமே. 2011-ல் வந்த பிபிகோர் விதி உலோக மட்டையின் துள்ளலை மரத்துக்கு அருகில் கொண்டுவந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் உலோகத்தில் அடிபடும் நல்ல பரப்பு அகலம். கைப்பிடிக்கு அருகே பட்டாலும் மட்டை உடையாது, பந்து இன்ஃபீல்டைத் தாண்டி விழும். மரமட்டையில் அதே அடி இரண்டு துண்டு மட்டையும் ஒரு அவுட்டும்.

இதனால்தான் கல்லூரி வீரர்களின் கோடைக்காலப் போட்டியான கேப் காட் லீகுக்கு இவ்வளவு மதிப்பு. மாசசூசெட்ஸ் கடற்கரையில் கோடை முழுதும் பத்து அணிகள். நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்த கல்லூரி வீரர்கள். 1985 முதல் மரமட்டை. சிறிய மைதானங்கள் என்பதால் பின்வலைக்கு அருகே நேர்க்கோட்டு இடம் பிடிப்பது பெரிய பல்கலைக்கழக அரங்கைவிட எளிது. ஸ்மார்ட் கோச் வைத்திருப்பவருக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. கல்லூரியில் .360 சராசரியில் (ஆயிரம் முயற்சிக்கு 360 ஹிட்) அடித்தவர் இங்கே .220-ல் திணறினால் காரணத்தைத் தேடுங்கள்: உள்பக்கப் பந்தில் மட்டை உடைகிறதா, தினசரி ஆட்டத்தில் களைத்துவிட்டாரா?

அடிப்பவருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ‘வாக்’ (நான்கு தவறான பந்தை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸ் போவது), ஸ்டிரைக்அவுட் இரண்டையும். கிரிஸ் பிரையன்ட் 2013-ல் சான் டியாகோ பல்கலைக்கழகத்துக்காக 31 ஹோம் ரன் அடித்தார். ஆனால் அதே பருவத்தில் 66 வாக், 44 ஸ்டிரைக்அவுட் என்பதைப் பாருங்கள். பலம் உள்ளவர் பந்தைத் தேர்ந்தும் அடிக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. அந்த டிராஃப்டில் அவருக்கு முன்னால் முதல் தேர்வாகப் போனவர் ஸ்டான்ஃபோர்டின் மார்க் அப்பெல், வேகமும் உடலும் உள்ள பிட்சர். அவர் மேஜர் லீக்கில் முதல் பந்து எறிய 2022 வரை ஆனது. பிரையன்ட் 2016-ல் நேஷனல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஸ்டிரைக்அவுட் எந்தப் பந்துக்கு வந்தது என்றும் எழுதிவையுங்கள். பிளேட்டுக்கு வெளியே போன ஸ்லைடரைத் துரத்துவது ஒரு நோய். பிளேட்டின் நடுவில் வந்த 93 மைல் பந்தைத் தவறவிடுவது வேறு நோய், அதற்கு மருந்து குறைவு.

ரேடார் தராத இன்னொன்று பந்தின் வடிவம். இரண்டு பேர் 94 எறிவார்கள். ஒருவர் பந்து மட்டைக்கு மேலே மிதந்து போகும், மற்றவர் பந்து நேராக வந்து அடிவாங்கும். சுழற்சியும் செங்குத்து விலகலும் அறிய டிராக்மேன் அல்லது ராப்சோடோ வேண்டும். பெரிய கல்லூரி மைதானங்கள் பலவற்றில் டிராக்மேன் இருக்கிறது, ஆனால் அந்தத் தரவு பார்வையாளருக்கு வராது. ராப்சோடோ பயிற்சி எறிதலுக்கு அருமை, விலை சில ஆயிரம் டாலர். அது இல்லாதவர் ஒரு எளிய வழியைப் பின்பற்றலாம்: ஸ்டிரைக் பகுதியின் மேல்பாகத்தில் எறிந்த ஃபாஸ்ட்பால்களை மட்டும் எடுத்து, எத்தனை வீச்சு தவறியது என்று எண்ணுங்கள். 92 மைலிலும் அங்கே தவறவைக்கிறார் என்றால் ரேடார் காட்டாத ஏதோ ஒன்று அவர் பந்தில் இருக்கிறது.

எந்தக் கருவியும் உள்ளே பார்ப்பதில்லை என்பதற்கு குமார் ராக்கர் சாட்சி. தாய்வழியில் இந்திய வம்சாவளி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே, 2019-ல் டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்டிரைக்அவுட்டுடன் ஹிட்டே கொடுக்காத ஆட்டம். 2021-ல் 179 ஸ்டிரைக்அவுட். ஆனால் அந்த வசந்தத்தில் சில ஆட்டங்களில் வேகம் இறங்கி மறுபடி ஏறியது. இன்னிங்ஸ்வாரியாக எழுதிவைத்தவர்கள் அப்போதே அடிக்கோடிட்டிருப்பார்கள். டிராஃப்டுக்கு முன்பான எம்ஆர்ஐ திட்டத்தில் அவர் சேரவில்லை. மெட்ஸ் பத்தாவது தேர்வாக எடுத்துவிட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின் ஒப்பந்தம் செய்யவில்லை. அந்த ஆண்டே தோளில் சிறு அறுவை சிகிச்சை. 2022-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது தேர்வாக எடுத்தது, 2023-ல் டாமி ஜான் எனப்படும் முழங்கைத் தசைநார் அறுவை, 2024 செப்டம்பரில் மேஜர் லீக் அறிமுகம். வெளியில் உட்கார்ந்து பார்ப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரே பிட்சரின் வேகம் காரணமின்றி இரண்டு மைல் இறங்கினால், அல்லது எறியும் கை வழக்கத்தைவிடத் தாழ்ந்தால், தேதியோடு குறித்துவைப்பது. ஸ்மார்ட் கோச்சின் வீடியோ இங்கே தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

எம்எல்பி பைப்லைன், ஃபேன்கிராஃப்ஸ் என்ற இணையதளங்கள் தரும் 20-80 மதிப்பெண்களையும் பார்க்கலாம். ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழுக்குச் சந்தா உண்டு. உங்கள் மதிப்பெண்ணை எழுதி முடித்த பிறகு திறந்து பாருங்கள்; முன்பே பார்த்தால் உங்கள் கண் அவர்கள் எண்ணையே தேடும்.

வாங்குவதைப் பற்றி: ஒரே மைதானத்தில், முதல் வரிசையில், ஒரு சில வீரர்களைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு ஸ்மார்ட் கோச் சரியான பொருள். ஊர் ஊராகப் பெரிய அரங்குகளுக்குப் போகிறவர் பழைய ஸ்டாக்கர் ஒன்றைத் தேடுவது மேல். அதன் புரோ வரிசையில் கையை விட்ட வேகத்தையும் பிளேட் வேகத்தையும் சேர்த்தே பார்க்கலாம். பழையதை வாங்கும்போது கூடவே டியூனிங் ஃபோர்க் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் தட்டித் துப்பாக்கியின் முன் பிடித்தால், ஃபோர்க்கில் பொறித்திருக்கும் எண்ணே திரையிலும் வர வேண்டும். ஒரு மைலுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அதை வாங்க வேண்டாம்.